கொச்சங்காடியில் எனக்கு இருந்த ஏழு டிவி

1

தோப்பும்படி ஜங்ஷனைத் தாண்டும்போது மணி மூன்றரை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை. கையில் ஒரு துணிப்பை, அதில் ஒரு லுங்கி, ஒரு சட்டை, ஒரு சோப்பு டப்பா. மட்டாஞ்சேரியை விட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

இது எனக்குப் புதிதில்லை. பதினாறு வயதில் சங்கரன்கோவில் பக்கத்து ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஒன்பது ஊர்களை இப்படி விட்டிருக்கிறேன். சண்டை போட எனக்கு வராது. பேச்சு ஒரு அளவுக்கு மேல் முற்றினால் கால் தானாகக் கிளம்பிவிடும். திருப்பூரில் பனியன் கம்பெனியை விட்டதும் அப்படித்தான், பாலக்காட்டில் செங்கல் சூளையை விட்டதும் அப்படித்தான். அப்போதெல்லாம் தனி ஆள். இந்தத் தடவை பின்னால் மனைவி செல்லத்தாயியும் பதினான்கு வயது மகள் முத்துலட்சுமியும் இருந்தார்கள். கலர் டிவிகள் ஏழும் இருந்தன. பையை எடுக்க அந்த டிவிகளின் மேல் எக்கித்தான் எடுத்தேன்.

இடக்கொச்சியில் படகுக்குப் பெயிண்ட் அடிக்கும் தென்காசிக்காரர் ஒருவர் ஆள் வேண்டும் என்று சொல்லியிருந்தார். அங்கே போய் ஒரு மாதம் வேலை பார்த்துவிட்டுப் பிறகு வீட்டுக்குச் சொல்லி அனுப்பலாம் என்பது திட்டம். திட்டம் என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு நடந்தேன், அவ்வளவுதான்.

2

இதை இப்போது எழுதக் காரணம் போன மாதம் ஊரிலிருந்து தம்பி செய்த போன். "அண்ணே, அரசாங்கமே வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுக்குது. நம்ம வீட்டுக்கும் வந்துட்டு. இல்லாதவங்களுக்குன்னு கொடுக்காங்க" என்றான். ஏழைக்கு டிவி. நான் "எத்தனை?" என்று கேட்டேன். "ஒண்ணுதான் கொடுப்பாங்க, வேற எத்தனை?" என்றான். பக்கத்திலிருந்த செல்லத்தாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். தம்பிக்கு விளங்கவில்லை. அவனுக்கும் அவனைப் போன்ற ஊர்க்காரர்களுக்கும்தான் இந்தக் குறிப்பு.

கொச்சியை வெளிநாடு என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள். செங்கோட்டையில் பஸ் ஏறினால் பாஸ்போர்ட் கேட்காமல் கொண்டுவந்து விட்டுவிடும். ஆனால் இங்கே ஒரு ரேஷன் கார்டு வாங்கிப் பாருங்கள். ஊரில் உள்ள கார்டில் பேரை நீக்கிக் கொண்டுவா என்றார்கள். ஊருக்குப் போனால், நீ கொச்சியில் இருப்பதற்கு அத்தாட்சி கொண்டுவா, பிறகு நீக்குகிறோம் என்றார்கள். கொச்சியில் அத்தாட்சி கேட்டால், அதற்குத்தானே ரேஷன் கார்டு, அதைக் காட்டு என்றார்கள். இப்படி நான்கு வருடம். கடைசியில் எங்கள் தெருவில் இருக்கும் கோபாலண்ணன் தன் பொறுப்பில் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் கார்டு கிடைத்தது.

கோபாலண்ணன் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. தாத்தா காலத்தில் கொச்சிக்கு வந்த தமிழ்க் குடும்பம். அவர் பேசுவது தமிழ் என்று அவரும் நம்பிக்கொண்டிருந்தார், நானும் மறுக்கவில்லை. யூனியன் ஆள். எந்தக் கூட்டத்திலும் மூன்றாவதாகப் பேசுவார். முதல் இரண்டு பேர் பேசி முடித்தது இரண்டும் தப்பு என்று சொல்வதற்கு.

3

நாங்கள் குடியிருந்தது கொச்சங்காடியில் ஒரு பழைய சுக்குக் கிடங்கு. சொந்தக்காரர்களான அண்ணன் தம்பிகளுக்குள் கேஸ். கேஸ் முடியும்வரை பூட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று என்னை வைத்தார்கள். வாடகை இல்லை, சம்பளமும் இல்லை. கேஸில் கரண்டைத் துண்டித்துவிட்டார்கள். மண்ணெண்ணெய் விளக்கு. பகலில் நான் பஜாரில் கிடைத்த வேலைக்குப் போவேன். எங்கள் மூன்று பேர் உடம்பிலும் சுக்கு வாசனை இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஜலதோஷம் நீங்கி இறங்குவார்கள்.

அந்த வருடம் செல்லத்தாயிக்குக் குடலிறக்கம் வந்தது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் வயிற்றில் ஒரு பக்கம் எலுமிச்சம்பழம் போலப் புடைத்துக்கொள்ளும். கையால் அமுக்கி உள்ளே தள்ளிவிட்டு மறுபடி குடத்தைத் தூக்குவாள். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், உள்ளே சிக்கிக்கொண்டால் ஆபத்து என்றார். தேதியும் குறித்துக் கொடுத்தார். ஆனால் அப்போதுதான் சர்க்கார் செலவைக் குறைக்கத் தொடங்கியிருந்தது. முன்பு எல்லாருக்கும் இலவசமாக இருந்தது, இனி ரேஷன் கார்டில் வறுமைக் கோட்டுக்குக் கீழே என்ற முத்திரை உள்ளவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. எங்கள் கார்டில் முத்திரை இல்லை. புதுக் கணக்கெடுப்பு வரும், அதில் சேர்ந்துவிடு என்றார்கள்.

ஆக எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரு ரப்பர் ஸ்டாம்ப். உள்ளங்கை அகலம்கூட இருக்காது.

அந்த நாட்களில் சாயாக்கடையில் வேறு பேச்சே கிடையாது. கஜானா காலி, குறைக்காமல் என்ன செய்வது என்று ஒரு கட்சி. கஜானா காலியானது யாரால் என்று இன்னொரு கட்சி. அரசு ஊழியர்களின் சலுகைகளைக் குறைக்கப் போகிறார்கள், அவர்கள் சமரம் செய்யப் போகிறார்கள். சமரம் என்றால் வேலைநிறுத்தம். ரேஷன் கடை வர்கீஸ் சேட்டன் தராசை விட்டுவிட்டு வந்து, "தகுதி உள்ளவனுக்குத்தான் கொடுக்கணும், தகுதி இல்லாதவனுக்குக் கொடுக்கக் கூடாது" என்பார். எல்லாரும் ஆமாம் என்பார்கள். அந்தத் தெருவில் தகுதி இல்லாத ஒருவனை நான் பார்த்ததில்லை. ஒவ்வொருவரும் தகுதியில்லாதவன் என்று சொன்னது பக்கத்து வீட்டுக்காரனை.

4

கணக்கெடுப்புக்கு ஒரு வாத்தியாரைப் போட்டிருந்தார்கள். அவர் தாளில் ஒரு பட்டியல் இருந்தது. வீட்டுக்கு என்ன கூரை, கக்கூஸ் உண்டா, கலர் டிவி உண்டா, இப்படி. கலர் டிவி இருந்தால் ஏழை இல்லை என்று தெருவில் செய்தி பரவிவிட்டது. நிஜத்தில் கணக்கு அவ்வளவு சுலபமில்லை என்று பிறகு சொன்னார்கள். ஆனால் செய்தி பரவியது அப்படித்தான்.

முதலில் டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தது நபீசா இத்தா. இத்தா என்றால் அக்கா. எங்களுக்கு எதிர் வீடு. நாங்கள் வந்த புதிதில் பதினைந்து நாள் எங்கள் அடுப்பு எரியாமல் பார்த்துக்கொண்டவர். அதாவது அவர் வீட்டிலிருந்தே கஞ்சி வந்துகொண்டிருந்தது.

"மோளே செல்லத்தாயி, ரெண்டு நாள் இது இவிட இருக்கட்டும். கிடங்குல ஆரு வந்து நோக்கப் போறாங்க?"

அவருக்கு வைத்தோம். பிறகு அடுத்த வீடு. பிறகு அதற்கு அடுத்தது. யாருக்கு இல்லை என்று சொல்வது? மூன்று நாளில் ஏழு டிவி சேர்ந்துவிட்டது. சுக்கு மூட்டை அடுக்கும் மரப் பலகையில் வரிசையாக வைத்து, மேலே பெட்ஷீட்டைப் போட்டு மூடினோம். ஒன்றின் மேல் வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர், ஒன்றின் மேல் பிறையும் நட்சத்திரமும், இரண்டின் மேல் குருவாயூரப்பன். மின்சாரம் இல்லாத அறையில் ஏழு டிவி இருந்தால் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. இரவில் பெட்ஷீட்டை எடுத்துவிட்டு விளக்கை ஏற்றினால் ஏழு கண்ணாடியிலும் ஏழு செல்லத்தாயி சோறு வடிப்பாள். முத்துலட்சுமி அதைப் பார்த்துக்கொண்டே பாடம் எழுதுவாள்.

எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. ஒரு வருடம் மழை பொய்த்தபோது மாடு வைத்திருப்பவர்களுக்கு வறட்சி நிவாரணம் என்று அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். எங்கள் தெருவில் இருந்தது ஒரே மாடு. அவர் ஒரு வீட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்வாசல் வழியாக அதை அடுத்த வீட்டுக்கு ஓட்டிப் போவோம். நான்காவது வீட்டில் அதிகாரி நின்று பார்த்தார். "என்னப்பா, எல்லா மாட்டுக்கும் இடது கொம்பு உடைஞ்சிருக்கு?" என்றார். "பஞ்சம் அய்யா" என்றார் என் அப்பா. அதிகாரி எழுதிக்கொண்டார். ஊரில் ஒரு மாடு ஏழு வீட்டில் இருந்தது. இங்கே ஏழு டிவி ஒரு வீட்டில் இருந்தது. அரசாங்கத்துக்கு முன்னால் எந்த ஊரிலும் ஜனங்கள் உட்கார்ந்திருப்பதில்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கிடங்கு வாத்தியாரின் பட்டியலில் இல்லை. அது வீடே இல்லை என்று எழுதி வைத்திருந்தார்கள். எங்களைச் சேர்க்க நாங்கள்தான் கடைசி நாளில் அவரைத் தேடிப் போவதாக இருந்தது, டிவிகளைத் திருப்பிக் கொடுத்த பிறகு. ஆனால் அந்த மனிதர் உச்சி வெயிலில் ஏழெட்டு வீடு ஏறி இறங்கிக் களைத்து, கிடங்கின் கதவு திறந்திருப்பதைப் பார்த்து, "கொஞ்சம் வெள்ளம் தருமோ?" என்று உள்ளே வந்துவிட்டார். நான் வேலைக்குப் போயிருந்தேன். செல்லத்தாயி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் அண்ணாந்து குடித்துவிட்டு, முகம் துடைக்கக் கைக்கு எட்டிய பெட்ஷீட்டை இழுத்தார்.

"இது ஆருடேது?" என்று கேட்டாராம்.

எதிர் வாசலில் நபீசா இத்தா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறம் நின்றுவிட்டது. செல்லத்தாயி அவரையும் பார்த்தாள், வாத்தியாரையும் பார்த்தாள். "இங்கதான் சார் இருக்கு" என்றாள். பொய் இல்லை.

வாத்தியார் அங்கேயே உட்கார்ந்து எங்கள் பேரை எழுதிக்கொண்டார். கலர் டிவி என்ற இடத்தில் உண்டு, இல்லை என்று இரண்டு கட்டம்தான் இருந்ததாம். அவர் ஓரத்தில் கையால் ஏழு என்று எழுதி, அடியில் கோடும் போட்டார்.

5

வார்டு சபை அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட ஹாலில். பட்டியலை எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் எழுந்து சொல்லலாம். இந்த வழக்கம் ஊரில் நான் பார்த்ததில்லை. யார் ஏழை என்று ஊர் கூடி முடிவு செய்வது நல்ல விஷயம் என்று முதலில் நினைத்தேன்.

முதல் ஒரு மணி நேரம் ஏழைகளைப் பற்றிப் பேச்சே வரவில்லை. சலுகை வெட்டு சரியா தப்பா என்று இரண்டு பக்கமும் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். கோபாலண்ணன் மூன்றாவதாகப் பேசி, இரண்டு பேர் சொன்னதும் தப்பு, செவ்வாய்க்கிழமை முதல் சமரம் என்று அறிவித்தார். ஆகவே ஆட்சேபம் உள்ளவர்களின் வீட்டை வாத்தியார் திங்கட்கிழமை ஒரு நாள்தான் திரும்பப் பார்ப்பார், அதற்குப் பிறகு ஆபீஸே திறக்காது என்று கவுன்சிலர் சேச்சி சொன்னார்.

பிறகு பட்டியல். எங்கள் தெருவில் அநேகமாக எல்லாரும் ஏழை. பேர் வாசிக்க வாசிக்கக் கை தட்டினார்கள், பரிசு கொடுப்பது போல. எங்கள் பேர் வரவில்லை. நான் எழுந்து நின்றேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்கு மைக்குக்கு முன்னால் மலையாளம் வராது. தமிழும் வரவில்லை.

கவுன்சிலர் சேச்சி தாளைப் பார்த்தார். "அண்ணாச்சி, உங்க வீட்டில் ஏழு கலர் டிவின்னு எழுதியிருக்கு."

ஹாலில் ஒரு "ஓ" கேட்டது. அதில் டிவி சொந்தக்காரர்களின் குரலும் இருந்தது. அவர்கள்தான் ரொம்ப ஆச்சரியப்பட்டார்கள்.

"இது உங்களுடையதுதானா? இல்லேன்னா யாருடையதுன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். ஆறு வீட்டுக்காரர்கள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நபீசா இத்தா மட்டும் என்னைப் பார்த்தார், கண் கலங்கியிருந்தது. அவர் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி, மாதா மாதம் மருந்து. சொன்னால் அவர் பேர் போகும். சொல்லாவிட்டால் செல்லத்தாயியின் ஆபரேஷன் போகும். "பார்த்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எதைப் பார்த்துவிட்டு என்று யாரும் கேட்கவில்லை. நேரே கிடங்குக்குப் போய்ப் பையை எடுத்தேன்.

6

தோப்பும்படி தாண்டிப் பள்ளுருத்தி ரோட்டில் போகும்போது பின்னால் சைக்கிள் மணி. கோபாலண்ணன். மூச்சு வாங்கியது.

"எடா முருகேசா, நில்லு. எவிடப் போறே?"

"இடக்கொச்சிக்கு."

"அங்க என்ன?"

"படகுக்குப் பெயிண்ட் அடிக்க."

"நீ படகுக்குப் பெயிண்ட் அடி. உன் பெஞ்சாதி இங்க ஊருக்கே அடிச்சிட்டா. ஏறு பின்னால."

ஏறவில்லை. அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொன்னார். நான் வெளியே வந்ததும் செல்லத்தாயி எழுந்தாளாம். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு மைக் இல்லாமல், சுத்தத் தமிழில், "ஆமாம்மா, ஏழும் எங்களுதுதான். சர்க்காரே எழுதிட்டுது. சபையில வாசிச்சும் ஆச்சு. இத்தனை பேர் கேட்டுக்கிட்டு இருந்தாங்க, ஒருத்தரும் ஆட்சேபம் சொல்லல. அதனால இனிமே அதை எடுக்கன்னு யாரும் எங்க வீட்டுக்கு வர வேண்டாம்" என்றாளாம். உட்காராமல் நேரே வீட்டுக்குப் போய், கிடங்கின் பெரிய இரும்புப் பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியை மடியில் செருகி வாசலில் உட்கார்ந்துவிட்டாளாம்.

"மணி நாலாகப் போவுது. நாலு மணிக்கு டிவியில சினிமா. ஏழு வீட்டுப் பிள்ளைங்களும் வாசல்ல நின்னு அழுது கரையுது" என்றார் கோபாலண்ணன். "உன் சொல்லு கேப்பாளா?"

"இதுவரைக்கும் கேட்டதில்ல."

"பிறகு நீ எதுக்கு வீட்டை விட்டுப் போறே? இருந்தாலும் போனாலும் ஒண்ணுதானே."

அது நியாயமாகப் பட்டது. பின்னால் ஏறிக்கொண்டேன்.

7

கிடங்கு வாசலில் தெருவே கூடியிருந்தது. செல்லத்தாயி என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். "சோப்பு டப்பாவை வச்சிட்டுப் போயிருக்கலாமே, பிள்ளை தேடுனா" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தப் பையைப் பற்றி இன்றுவரை அவள் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

அவள் கேட்டது ஒன்றுதான். "ஏழும் என்னுது இல்லன்னு வாத்தியார் தாள்ல ஆயிரணும். யாருதுன்னு எனக்குக் கவலை இல்ல."

யாருடையது என்று ஆக்குவது? இதுதான் அன்று மாலை விவாதம். சர்க்கார் செலவைப் பற்றி அத்தனை நாள் பேசியவர்கள் எல்லாரும் இதிலும் பேசினார்கள்.

கோபாலண்ணன் பேரில் எழுதலாம் என்றார் வர்கீஸ் சேட்டன். அவர் கார்ப்பரேஷன் ஆள், எப்படியும் ஏழைப் பட்டியலில் வரமாட்டார், ஏழு டிவி இருந்தாலும் நஷ்டமில்லை. எல்லாருக்கும் பிடித்துவிட்டது. கோபாலண்ணன் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமை சமரம். ஊழியருக்குச் சம்பளம் போதாதுன்னு நான் கொடி பிடிச்சு நடக்கணும். கொச்சி கார்ப்பரேஷன் துப்புரவுத் தொழிலாளி வீட்டில் ஏழு கலர் டிவின்னு பத்திரிகையில வந்தா? இந்தக் கேரளத்துல சமரம் அன்னைக்கே தீர்ந்து. நான் துரோகி ஆவேன்."

"அப்போ வர்கீஸ் சேட்டன் பேரில்?"

"ரேஷன் கடைக்காரன் வீட்டில ஏழு டிவின்னா மண்ணெண்ணெய் எங்கே போச்சுன்னு கேப்பாங்க" என்றார் வர்கீஸ் சேட்டன். யாரும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. கேட்க வேண்டியதுதான் என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

கட்சி ஆபீசுக்கு ஒன்று என்று யாரோ சொன்னார்கள். எந்தக் கட்சி ஆபீசுக்கு என்று உடனே இரண்டு அணி பிரிந்தது. நாலு மணி அடித்தது. ஒரு பெண் குழந்தை அழத் தொடங்கியது.

அப்போது நபீசா இத்தா படியில் உட்கார்ந்தார். "என்டெ டிவியில ஆறு மாசமா சத்தமே இல்ல. அதைப் போய் டிவின்னு எழுதினது சரியா? சத்தமில்லாத டிவி எப்படி டிவி ஆகும்?"

"என்னுதுல படம் சாஞ்சிருக்கும்" என்றார் இன்னொருவர்.

"என்னுதுல ஆள் எல்லாம் பச்சையா இருப்பாங்க."

கொஞ்ச நேரத்தில் ஏழு டிவியிலும் ஏழு கோளாறு வெளிவந்துவிட்டது. அத்தனை நாள் அதைச் சொன்னால் கௌரவக் குறைவு என்று மறைத்திருக்கிறார்கள். கோபாலண்ணன் எழுந்தார். மூன்றாவதாகப் பேசும்போது எழுவது போல எழுந்தார்.

"கேடான டிவி ஏழும் ஒரே இடத்துல இருந்தா அந்த இடத்துக்கு என்ன பேரு?"

அவரே சொன்னார்.

"ரிப்பேர் கடை. முருகேசன் மெக்கானிக்கு. டிவி வாடிக்கைக்காரங்களுது. வாடிக்கைக்காரன் பேரை சர்க்காருக்குச் சொல்ல எந்த மெக்கானிக்குக்கும் கடமை இல்ல."

"அண்ணே, எனக்கு டிவி ரிப்பேர் தெரியாதே" என்றேன்.

"தெரியணும்னு அந்தப் பட்டியல்ல எந்தக் கட்டத்துலயும் இல்ல."

"இங்க கரண்டே கிடையாது."

கோபாலண்ணன் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. "கரண்ட் இல்லாத டிவி மெக்கானிக்கை விட ஏழை இந்தக் கொச்சியில ஆரு இருக்கா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். செல்லத்தாயி மட்டும், "நாளைக்கு வாத்தியார் வந்து எழுதுற வரைக்கும் டிவி உள்ளதான் இருக்கும்" என்றாள். ஒப்புக்கொண்டார்கள். எல்லாரும் கோபாலண்ணன் வீட்டு டிவியில் சினிமாவின் மிச்சத்தைப் பார்க்கப் போனார்கள். சினிமா முடிந்து செய்தி வந்ததாம். அதில் செலவைக் குறைப்பது பற்றி மந்திரி பேசியதும் மறுபடி சண்டை.

ஆட்சேப மனுவை முத்துலட்சுமி எழுதினாள். மலையாளத்தில், ஒரு பக்கம், அழகான கையெழுத்து. அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டத்தான் வராது. என்ன எழுதியிருக்கிறாய் என்றேன். வாசித்துக் காட்டினாள். என் தந்தை தொழில்நுட்பத் திறமை இருந்தும் மின்சாரம் இன்மையால் முன்னேற முடியாத ஒரு சாது மனிதர் என்று எழுதியிருந்தாள்.

"இது உண்மையா பாப்பா?"

"நம்ம நாட்டில் மனுவுன்னா இப்படித்தான் எழுதணும் அப்பா" என்றாள். நம்ம நாடு என்று அவள் சொன்னது இந்த ஊரை. நான் திருத்தவில்லை. தேயிலைப் பெட்டி மூடியில் தாரால் போர்டும் அவளே எழுதினாள். என் கடைப் பேர்ப் பலகையை என்னால் வாசிக்க முடியாது. இந்தக் குறிப்பை அவளால் வாசிக்க முடியாது. வீட்டில் இரண்டு பேருக்கும் எழுதத் தெரியும், அதில் ஒரு குறையும் இல்லை.

8

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே நான் வேலையில் உட்கார்ந்துவிட்டேன். ஏழு டிவிக்கும் பின்பக்க மூடியைக் கழற்றி வைத்திருந்தோம், அவரவர் டிவியை அவரவரே வந்து கழற்றிக் கொடுத்தார்கள். உள்ளே தூசியும் பல்லி முட்டையும். முன்னால் ஒரு ஸ்க்ரூடிரைவர், கோபாலண்ணனுடையது. எதிர் வீட்டில் நபீசா இத்தா, அரிசி இல்லாத முறத்தைப் புடைத்துக்கொண்டிருந்தார்.

வாத்தியார் வந்தார். போர்டை வாசித்தார். தார் இன்னும் காயவில்லை, அவர் விரலில் ஒட்டியது. ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்து மனுவை நின்றபடியே முழுக்கப் படித்தார்.

"இதுக்கு என்ன கேடு?"

"சத்தம் இல்ல சார்."

"இதுக்கு?"

"படம் இல்ல சார்."

"இதுக்கு?"

"அதுக்கு ரெண்டும் இல்ல."

ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மாதா, பிறை, குருவாயூரப்பன். "வாடிக்கைக்காரங்க நல்ல ஒற்றுமை" என்றார். பிறகு சுவரைப் பார்த்தார். மேலே பார்த்தார். "கரண்ட் எங்கே?"

"இல்ல சார்."

"கரண்ட் இல்லாம நீ எப்படி ரிப்பேர் செய்றே?"

நான் வாயைத் திறப்பதற்குள் செல்லத்தாயி தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். "அதனாலதான சார் நாங்க இப்படி இருக்கோம்" என்றாள்.

வாத்தியார் அவளைப் பார்த்தார். சொம்பைக் கொடுத்த கை போக, மற்றக் கை வயிற்றில் அந்த இடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார் என்று நினைக்கிறேன். "ஆபரேஷன் என்னைக்கு?" என்று கேட்டார். மனுவில் முத்துலட்சுமி அதையும் எழுதியிருக்கிறாள். செல்லத்தாயி தேதியைச் சொன்னாள்.

அவர் மூட்டையின் மேல் உட்கார்ந்து எழுதினார். எழுத எழுத மலையாளத்தில் தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டார். தொழில், டிவி மெக்கானிக். மின் இணைப்பு இல்லை. கலர் டிவி இல்லை. ஓரத்திலிருந்த ஏழை அடித்துவிட்டு அடியில் கையெழுத்துப் போட்டார். எதிர் வீட்டில் முறம் நின்றது.

அந்த முத்திரை விழுந்த கார்டோடுதான் செல்லத்தாயி ஆஸ்பத்திரியில் படுத்தாள். நன்றாக எழுந்தும் வந்தாள். அது சமரம் முடிந்த பிறகு. சமரத்தில் யார் ஜெயித்தார்கள் என்று சாயாக்கடையில் இன்றைக்கும் ஒத்த அபிப்பிராயம் கிடையாது.

வாத்தியார் பேனாவை மூடிச் சட்டையில் செருகினார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"எங்க வீட்டு டிவியில நடுவுல ஒரு கோடு விழுது. நாளைலேர்ந்து சமரம், பகல் முழுக்க நான் வீட்டுல இருக்கணும். அனுப்பி வைக்கட்டுமா?"

நான் செல்லத்தாயியைப் பார்த்தேன். அவள் என் துணிப்பை தொங்கும் ஆணியைப் பார்த்தாள்.

"அனுப்புங்க சார்" என்றேன்.

பதினோரு மணிக்கு ரிக்‌ஷாவில் வந்து இறங்கியது, என் எட்டாவது டிவி. பின்னால் ஆறு திருகாணி. அப்பா இந்த வேலைக்குப் புதிது என்று முத்துலட்சுமி ரிக்‌ஷாக்காரரிடம் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அவள் சொல்லவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்து முதல் திருகாணியில் வைத்தேன்.